நெல்லையில் இரண்டு வருட சைபர் செக்யூரிட்டி படிப்பு: வேலைக்குப் போன பிறகு எழுதுகிறேன்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி முடித்துவிட்டு, இப்போது சென்னையில் ஒரு கணினிப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். இந்தப் படிப்பில் சேரலாமா என்று ஊரிலிருந்து தம்பி தங்கச்சிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

ஹேக்கிங் கற்கலாம் என்றுதான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். முதல் செமஸ்டரில் கிடைப்பது நெட்வொர்க்கிங், லினக்ஸ், தகவலைப் பூட்டி அனுப்பும் கிரிப்டோகிராபி. பலருக்கு முகம் வாடிவிடும். எனக்கு இன்று சோறு போடுவது அந்த முதல் செமஸ்டர்தான். ஒரு லேப் வகுப்பில், சோதனைக்காகவே அமைத்த, தகவலைப் பூட்டாமல் அனுப்பும் எச்.டி.டி.பி. பக்கத்தில் ஒரு பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் ஒயர்ஷார்க் மென்பொருளில் பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, பிரித்துப் பார்த்தோம். தட்டிய எழுத்து ஒவ்வொன்றும் அப்படியே கிடந்தது. அதே பக்கத்தை, பூட்டி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ்.சுக்கு மாற்றியதும் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. தகவலை இப்படிப் பூட்டும் குறியாக்கம் எதற்கு என்று அதன் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நெருக்கமான பாடம் கூடங்குளம் அணுமின் நிலையம். அங்கே ஒரு கணினியில் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) இருப்பதை 2019 செப்டம்பர் 4 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தெரிவித்தது. முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த நெட்வொர்க்கில் இருந்த கணினி. உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அதிலிருந்து தனி என்றும் சொன்னது. எங்கள் பேராசிரியர் அந்த இரண்டுக்கும் போர்டில் ஆளுக்கொரு கட்டம் போட்டார். “நடுவுல வயரே இல்ல, சரி. பென் டிரைவ்? சர்வீஸுக்கு வர்றவரோட லேப்டாப்?” என்று கேட்டுவிட்டு, ஈரானின் நடான்ஸ் அணு மையத்துக்குள் ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு புகுந்த கதைக்குப் போனார். 2010இல் வெளியே தெரியவந்த அந்தப் புழு பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது. வகுப்பில் கூடங்குளம் இருக்கும் ராதாபுரம் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பது பற்றி அதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

குறைகளும் உண்டு. லேப் கணினிகளில் ராம் போதாது. ஒரு கணினிக்குள்ளேயே பல கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், தாக்கிப் பழகும் கருவிகள் உள்ள காளி லினக்ஸும் தாக்கப்படுவதற்கான இன்னொரு மெஷினும் சேர்த்து ஓட்டினால் திரை உறைந்துவிடும். பெரிய குறை, அலுவலகக் கணினிகளையும் ஊழியர் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியைப் பாடத்திட்டம் தொட்டும் தொடாமலும் விட்டது. அலுவலகங்களில் பாதி உலகம் அதில்தான் ஓடுகிறது. இன்று ராத்திரி ஷிப்டில் நான் பார்ப்பது பெரும்பாலும் விண்டோஸ் லாக்தான், அதாவது கணினியில் நடந்ததை எண் போட்டு எழுதிவைக்கும் பதிவு. 4625 என்றால் லாகின் தோல்வி, 4624 என்றால் வெற்றி. ஒரே கணக்கில் 4625 வரிசையாக வந்து, கடைசியில் ஒரு 4624 விழுந்தால் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும். பாஸ்வேர்டை மறந்த ஊழியரா, ஊகித்துப் பார்த்த திருடனா? எந்த ஐ.பி., எந்த நேரம், அடுத்து என்ன திறந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டும். இதை வேலையில் சேர்ந்துதான் கற்றேன், கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

தூங்கி வழிய வைக்கும் என்று எல்லோரும் பயந்த சட்டப் பாடம்தான் எனக்கு அதிகம் உதவுகிறது. செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஷிப்டே அந்தக் கடிகாரத்தின்படிதான் நடக்கிறது.

ஊருக்குப் போனாலும் படித்தது உதவுகிறது. மேலப்பாளையத்தில் பெரியம்மா பிடித்துக்கொண்டார்: “ஏட்டி, பக்கத்து வீட்டுல போன்ல பணம் போயிருச்சாம். நீ இதுக்குத்தான படிச்ச?” உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் போடச் சொன்னேன். திருடிய பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே போகும். சீக்கிரம் புகார் செய்தால்தான் வழியில் முடக்க வாய்ப்பு. அந்த எண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்க வேண்டும்.

கேம்பஸுக்கு வந்த கம்பெனிகள் பொதுவான ஐ.டி. வேலைக்குத்தான் ஆள் எடுத்தன. பாதுகாப்பு வேலைக்கு நாங்களே விண்ணப்பம் போட்டு அலைந்தோம். நேர்காணலில் சான்றிதழைவிட, வீட்டு லேப்டாப்பில் நான் அமைத்த சின்ன லேபைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்கள். அதனால் சேரும் முன் கல்லூரி லேபைப் போய்ப் பாருங்கள், சீனியர்களிடம் பேசுங்கள், முடிந்தால் 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப் வாங்குங்கள். அப்புறம், ஆரம்ப நிலை வேலைகளில் பெரும்பாலும் நைட் ஷிப்ட் இருக்கும். பெண் பிள்ளைகள் அதை வீட்டில் முதல் வருடத்திலேயே பேசிவிடுங்கள். ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்து, வேலையை விட்ட தோழிகள் எனக்கு உண்டு.