கல்யாணப் படங்களுக்கும் அகப்பக்கங்களுக்கும் ஒரு புராசசர்: ரைசன் 5 7600

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியறைதான் என் வேலையிடம். வார இறுதிகளில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) நடக்கும் திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் படம் பிடிப்பேன்; மற்ற நாள்களில் விருந்துச் சமையல் செய்வோர், மணவறை அலங்காரம் செய்வோர், கோயில் நிர்வாகத்தினர் ஆகியோருக்கு அகப்பக்கம் அமைத்துத் தருவேன். இவ்விரண்டு வேலைகளையும் எட்டு ஆண்டுகளாகத் தாங்கியது, 2017இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-7400 பொருத்திய கணினி. அந்தப் புராசசரை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடியவிருந்தது. ஆகவே அவ்வாண்டின் நடுவிலேயே, தீபாவளிக் கால வேலைகள் குவிவதற்கு முன்பாக, ஏஎம்டி ரைசன் 5 7600 வாங்கிப் புதிய கணினி ஒன்றை அமைத்துக்கொண்டேன். (கணினியின் மூளையான இதைச் செயலி என்று எழுதினால் நம் நாட்டில் பலருக்கும் கைப்பேசிச் செயலிதான் நினைவுக்கு வரும் என்பதால், புராசசர் என்றே எழுதுகிறேன்.)

எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன், நான் எங்கெல்லாம் காத்திருக்கிறேன் என்பதை ஒரு வாரம் கவனித்தேன். காத்திருப்பு இரண்டு வகை. திருத்திய ஆயிரம் படங்களை ஜேபெக் கோப்புகளாக வெளியேற்றும்போது (எக்ஸ்போர்ட்) கணினியை ஓடவிட்டுவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டு வரலாம். அது எவ்வளவு நேரம் எடுத்தாலும் என் நேரத்தைத் தின்பதில்லை. ஆனால் தாலி கட்டும் சில விநாடிகளில் எடுத்த முப்பது படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, மணமகளின் கண் மூடியிருக்கிறதா, பின்னால் அட்சதை தூவும் அத்தையின் கை முகத்தை மறைக்கிறதா என்று பார்க்கும்போது, ஒவ்வொரு படமும் மங்கலாகத் தோன்றித் தெளிவடைய ஒன்றரை விநாடி எடுத்தால், அந்த ஒன்றரை விநாடியும் நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நேரம். முன்னோட்டங்களை இரவே முழு அளவில் உருவாக்கி வைத்தால் தேர்வு செய்வது விரைவாகும் என்பது உண்மையே. ஆயினும் திருத்தத் தொடங்கியதும் வெளிச்சத்தையோ தோல் நிறத்தையோ நகர்த்தும் ஒவ்வொரு முறையும் படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் மறுபடி கணக்கிட்டாக வேண்டும்.

முதல் வகைக் காத்திருப்பைக் குறைப்பது கோர்களின் (புராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளின்) எண்ணிக்கை. இரண்டாம் வகையைக் குறைப்பது பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகம். போட்டோஷாப்பின் பல கருவிகள் எல்லாக் கோர்களையும் பயன்படுத்துவதில்லை. அகப்பக்க வேலையில் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே திரெட்டில்தான் (ஒரே வேலைத்தொடரில்தான்) ஓடுகிறது. எனவே என் வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியது ஒற்றைக் கோரின் வேகம் என்று முடிவு செய்தேன்.

ஈப்போவில் நான் முதலில் போன கடையில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. பன்னிரண்டு கோர் இல்லாமல் படவேலை செய்யவே முடியாது என்றார் விற்பனையாளர். அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது என்றதும், உள்ளிணைந்த கிராபிக்ஸ் (திரைக் காட்சியை உருவாக்கும் பகுதி) இல்லாத மலிவான ரைசன் 5 7500எஃப் புராசசரை எடுத்து வைத்தார். அதை நான் மறுத்ததற்குச் சொந்த அனுபவமே காரணம். பழைய கணினியில் கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தது. ஒரு திருமண ஆல்பத்தை ஒப்படைக்க இரண்டு நாள்களே இருந்தபோது, பிற்பகல் இடிமழையில் மின்சாரம் வெட்டி வெட்டி வந்து அந்தக் கார்டு போய்விட்டது. புராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்ததால், திரையின் கம்பியை மதர்போர்டில் (பாகங்களெல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகையில்) செருகி அன்றிரவே வேலையைத் தொடர முடிந்தது. பட்டணத்தில் உள்ளவர் ஒரு மணி நேரத்தில் மாற்றுக் கார்டு வாங்கி வரலாம். எங்கள் ஊரில் அதற்கு ஒரு நாள் வேலை கெடும். அக்கடையில் எதுவும் வாங்காமல் திரும்பி, வேறிடத்தில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் உள்ள 7600ஐ வாங்கினேன்.

2023 ஜனவரி 10ஆம் தேதி விற்பனைக்கு வந்த இந்தப் புராசசரில் 6 கோர்களும் 12 திரெட்களும் உள்ளன. அடிப்படை வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது 5.1 வரை ஏறும். மின்தேவை 65 வாட் வகையைச் சேர்ந்தது. அதே நாளில் வந்த ரைசன் 7 7700இல் 8 கோர்கள் உண்டு, வேகம் 5.3 வரை போகும். ஆனால் அறிமுக விலையில் இவ்விரண்டுக்கும் இடையே 100 அமெரிக்க டாலர் வித்தியாசம் இருந்தது. மிச்சமான பணத்தை ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) போடுவதே என் வேலைக்கு நல்லது என்று தோன்றியது. இன்டெல் கோர் ஐ5-14400ஐயும் எண்ணிப் பார்த்தேன். பழைய டிடிஆர்4 வகை ரேமையே அதனுடன் பயன்படுத்தலாம் என்பது பெரிய வசதி. எனினும் இன்டெல் 2024 அக்டோபரிலேயே புதிய சாக்கெட்டுக்கு (புராசசரைச் செருகும் இடத்துக்கு) மாறிவிட்டதால், அந்த மதர்போர்டுக்கு இனிமேல் புதிய தலைமுறைப் புராசசர் வராது. 7600 பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டிலோ 2024 ஆகஸ்டில் வந்த ரைசன் 9000 வரிசையும் பொருந்துகிறது; 2027க்கு அப்பாலும் அதை ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினி மாற்றுகிற என்னைப் போன்றவருக்கு, இடையில் புராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழி திறந்திருப்பது முக்கியம்.

நானே பொருத்தினேன். முன்பு ஏஎம்டி புராசசர்களின் அடியில் இருந்த ஊசிகள் இப்போது மதர்போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன, மொத்தம் 1,718. மூடியைத் திறந்தபின் விரலோ துணியோ அவற்றின் மேல் படக்கூடாது. எல்லாம் பொருத்தி மின்சாரத்தைப் போட்டபோது விசிறி சுழன்றது, திரை மட்டும் இருண்டே கிடந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று அணைக்கக் கை போன பிறகுதான், மதர்போர்டுக் கையேட்டில் படித்தது நினைவுக்கு வந்தது: முதல் முறை டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ள இந்தக் கணினிகளுக்குப் பல நிமிடங்கள் தேவைப்படும். சற்று நேரத்தில் திரை வந்தது. புதிதாகப் பொருத்துவோர் அந்நேரத்தில் பொறுமையாக இருக்க வேண்டும்; அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே முதல் இரண்டு மாதம் வேலை செய்ததால், புராசசரின் உழைப்பை மட்டும் தெரிந்துகொள்ள முடிந்தது. 24 மெகாபிக்சல் ரா கோப்புகள் (கேமராவின் மூலப் பதிவுகள்) ஆயிரத்தை வெளியேற்ற முன்பு ஒரு மணி நேரத்தை நெருங்கியது, இப்போது கால் மணி நேரத்தைச் சற்றுத் தாண்டுகிறது. ஆனால் நான் உண்மையில் மகிழ்ந்தது அடுத்த படத்துக்குப் போகும் பொத்தானை அழுத்தியதும் முகம் தெளிவாக வந்து நிற்பதைக் கண்டுதான். தோட்டத்துத் திருமணம் ஒன்றின் 1,400 படங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை இரண்டு இரவுகளிலிருந்து ஒரே மாலைக்குச் சுருங்கியது. அகப்பக்க வேலையில், நிரல் எழுதும் விஎஸ் கோட், குரோமில் இருபது தாவல்கள், பக்க வடிவமைப்புக்கான ஃபிக்மா, பின்னணியில் ஓடும் சோதனை சர்வர் எல்லாம் திறந்திருக்கும்போதே போட்டோஷாப்பையும் திறக்கிறேன், தடுமாற்றம் இல்லை. இதில் 32 ஜிகாபைட் ரேமுக்கும் பங்குண்டு. பதினாறில் இத்தனையையும் திறந்திருந்தால் எந்தப் புராசசரும் திணறும்.

குறைகளும் உண்டு. உள்ளிணைந்த கிராபிக்ஸ் திரையைக் காட்டுவதற்குப் போதுமே தவிர உழைப்பதற்கு அன்று. இரவு நேரத் தேர் ஊர்வலத்தில் எடுத்த இருண்ட படங்களுக்கு லைட்ரூமின் டீநாய்ஸ் வசதியைப் (படத்திலுள்ள புள்ளிப் புள்ளியான சொரசொரப்பை நீக்குவது) பயன்படுத்தினால், அது பெரும்பாலும் கிராபிக்ஸை நம்பியிருப்பதால், ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் பிடித்தன. பிறகு ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தியதும் அரை நிமிடத்துக்குள் முடிகிறது. இன்னொன்று வெப்பம். என் அறையில் குளிர்சாதனம் இல்லை. பெட்டியுடன் வரும் சிறிய விசிறியோடு பிற்பகலில் படங்களை வெளியேற்றும்போது வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்றது. 95 வரை தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது என்றாலும் விசிறியின் இரைச்சல் காதை அறுத்தது. நூறு ரிங்கிட்டுக்கு உயரமான குளிர்விப்பான் ஒன்றை மாட்டியபின் எழுபதுகளில் அடங்கிவிட்டது. நம் ஊர்ப் பருவநிலைக்கு இந்த நூறு ரிங்கிட்டையும் புராசசரின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ரேம் பற்றிய எச்சரிக்கையும் அவசியம். ஏஎம்5 மதர்போர்டில் டிடிஆர்5 மட்டுமே பொருந்தும். 2025 இறுதியிலிருந்து அதன் விலை வெகுவாக ஏறிவிட்டது. நல்ல டிடிஆர்4 ரேம் 32 ஜிகாபைட் கையில் வைத்திருப்பவருக்கு, எதிர்கால வசதியை விட்டுக்கொடுத்து 14400ஐ வாங்குவதும் இன்று நியாயமான முடிவாகும். திருமணக் காணொளிகளையே முதன்மையாகத் தொகுப்பவருக்கும், காணொளியை விரைவாகக் கையாளும் குயிக் சிங்க் வசதி இருப்பதால் இன்டெல் பக்கம் போவதே பொருத்தம்.

சென்ற மாதம் தாமானிலிருந்து ஒரு தம்பி வந்தார். பகுதிநேரமாகப் பிறந்தநாள் விழாக்களைப் படம் பிடிக்கிறார். "அண்ணே, எட்டுக் கோர் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். அவரை என் நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய அட்டையிலிருந்த படங்களையே ஏற்றி, அரை மணி நேரம் திருத்தச் சொன்னேன். எழுந்தவர், கைப்பேசியில் குறித்து வைத்திருந்த 7700ஐ அழித்துவிட்டு 7600 என்று எழுதி, அதன் கீழே உயரமான குளிர்விப்பானையும் சேர்த்துக்கொண்டார்.