இறுகிப்போன வெளிப்பூட்டு: எண்ணெயா, மண்ணெண்ணெயா, ஸ்பிரேயா, ஆக்ஸா பிளேடா?

வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊரில் வெளிக்கேட்டுக்குப் பூட்டு மாட்டியிருப்பவர்களுக்கு, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும் இந்தத் தலைவலி வரும். சாவி உள்ளே போகும், திரும்பாது. அல்லது சாவி சுகமாகத் திரும்பும், பூட்டின் வளைந்த கம்பி மட்டும் எழும்பாது. முதலாவதில் உள்ளே சாவியின் பல் தூக்கிவிட வேண்டிய பின்களோ (குட்டிக் கம்பிகள்) லீவர்களோ (தகடுகள்) ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவதில் கம்பியின் கால் துருவில் பிடித்திருக்கிறது. எங்கள் தோட்டத்துக் கேட்டில் தொங்கிய பித்தளைப் பூட்டு முதல் ரகம். அதற்கு நான் வாங்கியது WD-40 என்ற பேர்போன துரு ஸ்பிரே அல்ல, அந்த ரகத்து டப்பா ஸ்பிரே என்று பொதுவாகச் சொல்லலாம்; எங்கள் ஊர்க் கடைக்காரர் எல்லாவற்றையும் 'டபிள்யூடி' என்றுதான் எடுத்துக் கொடுக்கிறார். நானும் ஸ்பிரே கட்சிதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுப்பதைப் பற்றிச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். சாதாரண இரும்புப் பூட்டு, சாவியும் தேய்ந்துவிட்டது என்றால் யோசிக்காமல் அறுத்துவிட்டுப் புதிது வாங்குவதுதான் லாபம். ஆனால் கம்பியில் 'ஹார்டன்டு' (கெட்டிப்படுத்திய எஃகு) என்று பொறித்திருந்தால் ஆக்ஸா பிளேடு வழுக்கும், பல்லும் மழுங்கும். அதற்குக் கட்டிங் மிஷின் வேண்டும், கேட்டருகே மின்சாரம் வேண்டும், பொறி பறக்கும்போது பக்கத்தில் காய்ந்த ஓலை இல்லாமல் இருக்க வேண்டும். சிலர் பூட்டை விட்டுவிட்டு அது மாட்டியிருக்கும் நாதாங்கியை அறுப்பார்கள். மெல்லிய இரும்பு, சட்டென்று அறுபடும். அப்புறம் வெல்டிங்காரரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

தேங்காய் எண்ணெய் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதனால்தான் எல்லோரும் முதலில் அதை எடுக்கிறார்கள். லேசாக இறுகிய பூட்டு அன்றைக்குத் திறந்தும் விடும். ஆனால் அது துருவின் இடுக்கில் ஊடுருவிப் போகிற அளவுக்கு நீர்த்த எண்ணெய் இல்லை. மார்கழிக் குளிரில் உறையும் எண்ணெயைப் பூட்டுக்குள் விடுவதில் எனக்குச் சம்மதமும் இல்லை. நல்லெண்ணெய் இன்னும் மோசம். காற்றுப் பட்டு நாளாக நாளாகப் பிசினாகிவிடும். விளக்கின் அடியில் படிந்த எண்ணெய்ப்பிசுக்கைச் சுரண்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். தையல் மிஷின் எண்ணெய் இவற்றைவிட எவ்வளவோ மேல்.

உண்மையான போட்டி மண்ணெண்ணெய்க்கும் ஸ்பிரேக்கும்தான். மண்ணெண்ணெய் நீர்த்தது, இடுக்கில் இறங்கும், பழைய பிசுக்கைக் கரைக்கும். பூட்டைக் கழற்ற முடிந்தால், அதாவது திறந்த நிலையில் இறுகியிருந்தால், ஒரு டப்பாவில் ஊற்றி இரவு முழுக்க ஊறப்போடுவதற்கு அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் பெரும்பாலும் பூட்டு கேட்டில் பூட்டியபடிதானே இறுகுகிறது? தொங்குகிற பூட்டின் சாவித்துளை அடியில் இருக்கும். அதில் மண்ணெண்ணெயை எப்படி ஊற்றினாலும் முக்கால்வாசி கையில்தான் வழியும். நாற்றம், தீப்பிடிக்கும் பயம் வேறு. ரேஷன் மண்ணெண்ணெயும் இப்போது பல வீடுகளில் கண்ணில் படுவதில்லை.

ஸ்பிரேயின் பலமே அந்த மெல்லிய சிவப்புக் குழாய்தான். சங்கிலி இடம் கொடுத்தால் பூட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, குழாயைச் சாவித்துளைக்குள் நுழைத்து அடித்தால் மருந்து பின்கள் வரைக்கும் போகிறது. கம்பி உள்ளே இறங்கும் இரண்டு துளைகளிலும் அப்படியே. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. WD-40 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது துரு தடுக்க. பெயரில் இருக்கும் அந்த இரண்டு எழுத்துகள் நீரை விலக்குவதைக் குறிக்கின்றன, 40 என்பது நாற்பதாவது முயற்சி. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைக் காக்க அதைப் பூசினார்கள். மழை குடித்த பூட்டுக்குள்ளிருந்து தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய நமக்கும் அதே வேலைதான்.

அடித்துவிட்டு உடனே சாவியை முறுக்கக் கூடாது. கால் மணி நேரமாவது விடுங்கள், முடிந்தால் மறுபடி அடித்து மாலை வரை விடுங்கள். காத்திருக்கும்போது மரக்கட்டையால் பூட்டின் பக்கவாட்டில் லேசாகத் தட்டலாம். துரு உதிர்ந்து மருந்துக்கு வழி விடும். பிறகு கம்பியைப் பூட்டுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மயிரிழை அளவு அசைக்க வேண்டும். வெளியே இழுத்துக்கொண்டே திருப்புவதுதான் எல்லோருக்கும் கை வருகிறது, அதுதான் தப்பு: இழுக்க இழுக்க உள்ளிருக்கும் நாக்கு இன்னும் இறுகும். பித்தளைச் சாவி கழுத்தில் முறிந்தால் அப்புறம் ஸ்பிரேயும் இல்லை, ஒன்றும் இல்லை, ஆக்ஸாதான்.

பித்தளை உடம்பும் எஃகுக் கம்பியும் உள்ள பூட்டில் கம்பியின் கால் பிடித்திருந்தால், ஸ்பிரே அடிப்பதற்கு முன்பு கொதிக்கும் தண்ணீரை ஊற்றலாம். சூட்டில் பித்தளை எஃகைவிட அதிகம் விரியும், துளை ஒரு துளி தளரும். உப்பும் கரையும். தண்ணீர் உள்ளே போயிற்றே என்ற கவலைக்குத்தான் அடுத்து ஸ்பிரே வருகிறது. டப்பாவுக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள், தண்ணீரை அடுப்படியில் காய்ச்சி எடுத்து வாருங்கள்.

இனி நான் முக்கியமாகப் பார்ப்பது. பூட்டைத் திறக்க மேலே சொன்னதில் எதுவும் ஒருநாள் கைகொடுக்கும். திறந்த பிறகு உள்ளே எது தங்குகிறது? அடுத்த மழைக்கு அந்தப் பூட்டு எப்படி இருக்கும் என்பது அதில்தான் இருக்கிறது. சமையல் எண்ணெய் தங்கினால் தெருப்புழுதி அதில் ஒட்டிக் களிம்பாகும். பின்கள் வைத்த பூட்டின் ஸ்பிரிங்குகள் தலைமுடி கனம்தான், அந்தக் களிம்பைத் தள்ளும் தெம்பு அவற்றுக்குக் கிடையாது. கிரீஸும் அப்படித்தான். மண்ணெண்ணெய் கழுவிவிட்டுப் போய்விடும், காவலுக்கு ஒன்றையும் விடாது; வெறும் உலோகம் மறுபடி துருவேறும். ஸ்பிரே மெல்லிய படலம் ஒன்றை விட்டுச் செல்கிறது. ஆனால் அது ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கும் என்று நம்பாதீர்கள். அதனால் ஸ்பிரே அடித்து, அழுக்கு கறுப்பாக வழிவது நிற்கும்வரை கழுவி, துணியால் துடைத்து, ஒருநாள் காயவிட்டு, அதன் மேல் காய்ந்த மசகு ஒன்று போட வேண்டும்.

அங்கே கிராஃபைட் தூள் என்று பலரும் சொல்வார்கள். பென்சிலைச் சாவியின் பல்லில் தேய்த்துவிடுவதும் அதுதான். மதுரை, சேலம் மாதிரி கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களுக்குச் சரி. கடலோரத்தில் எனக்குத் தயக்கம் உண்டு: கிராஃபைட் மின்சாரம் கடத்தும், உப்பு ஈரம் சேர்ந்தால் பக்கத்து உலோகத்தின் அரிப்பைக் கூட்டும். டெஃப்லான் கலந்த காய்ந்த ஸ்பிரேதான் என் தேர்வு. விலை அதிகம், டவுனுக்குப் போனால்தான் கிடைக்கிறது. அதை நான் போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகிறது, அதற்கு மேல் உறுதி தர முடியாது.

திண்டுக்கல் பூட்டு வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் சலுகை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பூட்டுகள் லீவர் ரகம். தடித்த சாவி, உள்ளே தாராளமான இடைவெளி. கொஞ்சம் தூசி, துருவுக்கெல்லாம் உடனே மக்கர் பண்ணாது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு அதற்குப் போதும், ஊற்ற வேண்டாம்.

கடைசியில் கணக்கு: ஸ்பிரே டப்பா ஒன்று சுமாரான பூட்டு ஒன்றின் விலைக்கு வந்துவிடும். ஒரே ஒரு மலிவுப் பூட்டுக்காக வாங்குவது வீண். கேட்டுக் கீல், மோட்டார் ரூம் தாழ்ப்பாள், சைக்கிள் செயின் என்று பங்கு போட்டால்தான் கட்டுப்படியாகும். பூட்டுக்கு மேலே பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குடை மாதிரி தொங்கவிடுங்கள், அதற்குக் காசு இல்லை. பிளாஸ்டிக் பை கட்ட வேண்டாம், உள்ளே வியர்த்துப்போய் மழையில் நனைந்ததைவிட மோசமாகும்.