பெரிய நாய்களுக்கு ஏற்ற பிக்கப் மூடி: தட்டை மூடியா, கூரை மூடியா?

பிக்கப் வண்டியின் பின்தொட்டியை மூட இரண்டு வழிகள் உண்டு: தொட்டியின் விளிம்போடு படிந்து நிற்கும் டோனோ எனப்படும் தட்டை மூடி, ஓட்டுநர் அறையின் உயரத்துக்கு எழும், பக்கச் சன்னல்கள் கொண்ட டாப்பர் எனப்படும் கூரை மூடி. சாமான்களுக்கு முன்னது போதும். மலிவு, எடை குறைவு, சில நிமிடங்களில் சுருட்டிவிடலாம்.

நாய்க்கு அது பொருந்தாது. தொட்டியின் ஆழம் பெரும்பாலும் 50 முதல் 57 செ.மீ. வரைதான், ஆண் லாப்ரடாரின் தோள் உயரமே ஏறத்தாழ 57 செ.மீ., தலை அதற்கும் மேலே. நிமிர்ந்து நிற்க முடியாததைவிடப் பெரிய சிக்கல் காற்றோட்டம்: மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கும் நாய், இருண்ட அடைப்பில் விரைவில் வெப்பத்தாக்குக்கு உள்ளாகும். மூடியைத் திறந்துவிட்டு நாயை அவிழ்த்து ஏற்றிச் செல்வதை நான் ஒரு தீர்வாகவே கருதவில்லை.

கூரை மூடியிலும் கவனிக்க வேண்டியவை உள்ளன. கண்ணாடியிழையாலானது பெரும்பாலும் 70 கிலோவுக்கு மேல் இருக்குமாதலால், வண்டியின் சுமைத்திறனில் அதையும் நாய்களின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பின்கதவின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருந்தால், ஓடும் வண்டியின் பின்னே உருவாகும் குறைந்த காற்றழுத்தம் கார்பன் மோனாக்சைடு கலந்த புகையை உள்ளே இழுக்கக்கூடும். ஆகவே பின்கதவை மட்டும் திறந்து வைக்காமல், வலையிட்ட பக்கச் சன்னல்களைத் திறப்பதே சரி. வழுக்காத ரப்பர் விரிப்பும், தொட்டியின் கொக்கிகளில் இறுகக் கட்டிய கூண்டும் இல்லாவிட்டால், திடீர்ப் பிரேக்கில் எந்த மூடியும் நாயைக் காக்காது. நிறுத்திய வண்டிக்குள், வெயிலில், இரண்டுமே ஆபத்துதான்.