நைட் பேட்டா

பெங்களூரு லால்பாக்கில் எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது, அதனால் எழுத ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயம். 1760இல் ஹைதர் அலி போட்ட அந்தத் தோட்டத்தில், லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துக் கட்டிய கண்ணாடி மாளிகை இன்னும் கம்பீரமாக நிற்கிறது. அசல் 1936இலேயே எரிந்துபோனது. குரோய்டனில் என் வீட்டுக்குப் பக்கம்தான். அங்கே போனால் படிக்கட்டுகளைத்தான் பார்க்கலாம்.

மறுநாள் ஸ்ரீரங்கப்பட்டணம், அப்புறம் பிருந்தாவனம். அல்சூரில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்: ஸ்கூல் டூர், புளியோதரைப் பொட்டலம், கடைசியில் கலர் விளக்கில் ஃபவுண்டன். இந்த முறை ஒரு டிராவல்ஸில் கார் சொன்னேன். கிலோமீட்டர் கணக்கு, டோல், டிரைவர் பேட்டா எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. நைட் பேட்டா என்ற சொல் அதில் இல்லை. நன்றாகக் கவனிக்கவும், இல்லவே இல்லை.

திப்புவின் தரியா தௌலத் பாகில் 1784இல் கட்டிய தேக்கு மாளிகையின் சுவரில் புள்ளலூர்ப் போர் ஓவியம் இருக்கிறது. நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்தான். தோற்ற கர்னல் பெய்லி பல்லக்கில் விரலைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பாவம் என்று சிரித்தேன்.

பிருந்தாவனம் போய்ச் சேரும்போது ஆறரை. கண்ணம்பாடி அணைக்குக் கீழே, 1932இல் முடித்த தோட்டம். திவான் மிர்சா இஸ்மாயில் காஷ்மீர் ஷாலிமாரை மனதில் வைத்துப் படிப்படியாக இறக்கியது. இதெல்லாம் என் மகளுக்குச் சொல்லிக்கொண்டே காரை விட்டு இறங்கினேன். டிரைவர் தயங்கித் தயங்கி போனை நீட்டினார். "ஓனர் பேசணுமாம் சார்."

"சார், இப்பவே கிளம்பிடுங்க. பத்து மணி தாண்டினா நைட் பேட்டா முந்நூறு."

"நீங்க அனுப்பினதுல அது இல்லையே?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்."

இந்த ஒரு வரியில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. லண்டனில் மினிகேப் புக் செய்தால் சொன்ன காசுக்கு மேல் ஒரு பென்னி கேட்க மாட்டான். எழுத்தில் காட்டுங்கள் என்றேன். அவர் ரேட் கார்டைத் தேடி அனுப்பினார், மங்கலான போட்டோ. பெரிதாக்கிப் பார்த்தேன். அது வேறொரு வண்டிக்கானது. மறுபடியும் கூப்பிட்டேன். "பார்க்கிங்குக்கு மணிக்கு ஆறு பவுண்டு கொடுப்பீங்க, இங்க மூணு பவுண்டுக்கு மல்லுக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வர ஆரம்பித்தது. நான் பார்க்கிங்கில் பெய்லி மாதிரி நின்றிருந்தேன்.

நாற்பது நிமிடம். கடைசியில் ஓனர் இறங்கி வந்தார்: பத்துக்குள் வீடு சேர்ந்தால் பேட்டா கிடையாது. உடனே போன் போட்டு இருவரையும் வெளியே வரவழைத்தேன். டிரைவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஏழு இருபதுக்குக் கிளம்பினோம்.

புது எக்ஸ்பிரஸ்வேயைக் குறை சொல்ல மாட்டேன், வழுக்கிக்கொண்டு போனது. கெங்கேரியில் வந்து நின்றதுதான், அசையவில்லை. அந்த டிராஃபிக்கில் மகள் எடுத்த வீடியோவில் ஃபவுண்டனைப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், முன்னால் யாரோ ஒருவருடைய தலை.

அல்சூர் வீட்டு வாசலில் மணி பத்து பத்து. டிரைவரின் போன் அடித்தது. அவர் அதை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.