சிஎச் 701-இல் ஆளுக்கொரு ஸ்டிக்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானமான சிஎச் 701-இல் பழைய ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "நடுவில் இருந்த ஒய் ஸ்டிக்கை எடுத்துவிட்டு ஆளுக்கொரு ஸ்டிக் போட்டிருக்கிறீர்களே, நானும் மாற்றட்டுமா?" ஸ்டிக் என்றால் விமானத்தைச் சாய்க்கவும் மூக்கை ஏற்றி இறக்கவும் கையில் பிடிக்கும் தண்டு. என் விமானத்தில் வலது ஸ்டிக்கின் இணைப்பில் ஆட்டம் வந்து, அதைக் கழற்றிச் சரிசெய்து முடித்திருந்த நேரம். அன்று பாதிதான் பதில் சொன்னேன். மீதி இங்கே.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கிறிஸ் ஹைன்ட்ஸ் 1986-இல் கொண்டுவந்த வடிவம், இறக்கையின் முன்விளிம்பில் நிலையான ஸ்லாட் (மெதுவாகப் பறக்க உதவும் பட்டை), ஏறி இறங்கக் குட்டியான புல்தரை போதும். இங்கே கனடாவில் அது அட்வான்ஸ்டு அல்ட்ராலைட் என்ற எடை குறைந்த விமான வகை. நானும் விமானத்தில் பாதிப் பங்கு வைத்திருக்கும் நண்பரும் ஒன்டாரியோவில் ஒரு புல்வெளி ஓடுதளத்திலிருந்து பறக்கிறோம். இருவருக்கும் ஓட்டுவதற்கான பர்மிட் உண்டு. போகும்போது ஒருவர், வரும்போது இன்னொருவர் என்று மாறி மாறி ஓட்டுவோம். அதனால்தான் இரண்டாவது ஸ்டிக் பற்றிய பேச்சே வந்தது.

ஒய் ஸ்டிக்கில் என்ன குறை? ஒரே தண்டு, மேலே இரண்டு கிளை. இடப்பக்கம் உட்கார்ந்தால் வலது கையில் ஸ்டிக், கதவோரம் இடது கையில் த்ராட்டில் (இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் லீவர்). வலப்பக்கம் மாறி உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழ்: இடது கையில் ஸ்டிக், கதவோரம் வலது கையில் த்ராட்டில். நேராகப் போகும்போது இது பெரிய விஷயமே இல்லை. இறங்கும்போதுதான் பிரச்சினை. 701-க்குக் காற்றுத்தடை அதிகம், த்ராட்டிலைக் குறைத்தால் வேகம் சட்டென்று விழும். அதனால் தரையைத் தொடும்வரை த்ராட்டில் கை சும்மா இருக்காது. கடைசி நேரத்தில் காற்று தூக்கியடித்தால், இடப்பக்கம் பழகியவரின் உடம்பு "இடது கையை முன்னால் தள்ளு, பவர் வரும்" என்றுதான் சொல்லும். வலது இருக்கையில் அந்த இடது கையில் இருப்பது ஸ்டிக். முன்னால் தள்ளினால் மூக்கு கீழே போகும், அதுவும் தரைக்குப் பக்கத்தில். செஸ்னா 172-இல் பயிற்சியாளர்கள் தினமும் கை மாற்றித்தான் ஓட்டுகிறார்கள், பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அவர்கள் தினமும் பறக்கிறார்கள். நாங்கள் வானிலை விட்டால் வார இறுதியில் பறக்கிறவர்கள்.

சரி, மாற்றினோம். அட்வான்ஸ்டு வகையில் நினைத்தபடி எதையும் மாற்ற முடியாது, தயாரிப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். அது இல்லாமல் கைவைத்தால் அந்த வகையிலேயே இருக்க முடியாது. பேசிக் அல்ட்ராலைட் என்ற இன்னொரு வகையில் மாற்றிப் பதியலாம், ஆனால் அதில் சாதாரணப் பயணியை ஏற்ற முடியாது. இரட்டை ஸ்டிக் தயாரிப்பாளரே தரும் அமைப்பு என்பதால் அனுமதி சிரமம் தரவில்லை. பிறகு எடைக் கணக்கைப் புதிதாகப் போட்டு, எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) ஃபிளாப்பரானும் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை) இருபக்கமும் கடைசிவரை போகின்றனவா என்று அளந்தோம். இந்த மாற்றத்தில் கைவைக்காத இன்னொருவர் வந்து எல்லாவற்றையும் தனியாகச் சரிபார்த்தார். கன்ட்ரோலில் கைவைத்தால் இந்த இரண்டாவது கண் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து, சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

முதல் தடவை வலது இருக்கையிலிருந்து பறந்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஸ்டிக் கால்களுக்கு நடுவே, வலது கையில். வளைவுகள் தானாக வந்தன. ஆனால் இறங்க வந்தபோது த்ராட்டில்? அது இன்னமும் வலப்பக்கக் கதவோரம்தான். வலது கையில் ஸ்டிக்கைப் பிடித்தால் த்ராட்டிலுக்குக் கை இல்லை. இடது கைக்கு மாற்றினால் பழைய ஒய் கதைதான். ஒரு பருவம் முழுக்க என்னை எரிச்சலூட்டியது இதுதான். பொருத்தித் தந்த பட்டறை இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது ஸ்டிக் என்றால் இரண்டாவது கன்ட்ரோல் வந்துவிட்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள். த்ராட்டில் எந்தக் கைக்கு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

தீர்வு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. ஒய் தண்டு போனதால் இரண்டு இருக்கைக்கும் நடுவே இடம் காலியாக இருந்தது. பேனலுக்குக் கீழே த்ராட்டில்களை இணைக்கும் குறுக்குத் தண்டிலிருந்து நடுவில் ஒரு லீவர் எடுத்தோம். மறுபடி ஒரு அனுமதிக் கடிதம், மறுபடி ஒரு சோதனை. இப்போது இருவருக்கும் வலது கையில் ஸ்டிக், இடது கையில் த்ராட்டில். இருக்கை மாறினாலும் கை மாறுவதில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்தது அந்தச் சின்ன லீவர்தான், ஸ்டிக்கூட இல்லை.

மற்றபடி குறைகள் உண்டு. ஏறி இறங்கும்போது ஸ்டிக்கைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். ஒய் இருந்தபோது வீட்டு நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். பருமனானவர் வலப்பக்கம் இருந்தால் ஸ்டிக் தொடையில் முட்டும். குளிர்காலத்தில் இன்னும் மோசம்: தடித்த ஜாக்கெட்டும் வயிறும் சேர்ந்து, ஸ்டிக் முழுசாகப் பின்னால் வராமல் தடுத்துவிடும். மெதுவாக வந்து இறங்கும் விமானத்தில் கடைசி இரண்டு விரல்கடை எலிவேட்டர் ரொம்ப முக்கியம். அதனால் பயணி பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகுதான் கன்ட்ரோல்களைக் கடைசிவரை அசைத்துப் பார்ப்பேன். பறக்கத் தெரியாதவர் வந்தால் வலது ஸ்டிக்கைப் பின்னை உருவிக் கழற்றி வைத்துவிடுவேன்.

அப்புறம் அந்த ஆட்டம். இரண்டு ஸ்டிக்கையும் இணைக்கும் தண்டின் முனையில் உள்ள ராட் எண்ட் (சுழலும் மூட்டு) தேய்ந்து, வலது ஸ்டிக்கை அசைத்தால் இடது ஸ்டிக் ஒரு கணம் கழித்துத்தான் கேட்டது. கழற்றிப் பார்த்தால், சுழலும் இணைப்பில் வெறும் லாக் நட். அந்த இடத்தில் காசில் நட்டும் (மேலே வெட்டுகள் உள்ள நட்) அது சுழன்று கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னும் இருக்க வேண்டும் என்பது பாலபாடம். பொருத்தியவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை என்றபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஒய் ஸ்டிக்கில் இந்த இணைப்பே கிடையாது, தேய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆகவே நண்பரே, போடாதீர்கள். நீங்கள் பெரும்பாலும் தனியாகவோ பயணியோடோ பறக்கிறவர், உங்களுக்கு ஒய் போதும். நான் கழற்றுவேனா என்றால், மாட்டேன். வலது இருக்கையில் தவறாமல் ஓட்டும் ஒருவர் உங்களுக்கும் கிடைத்தால் அப்போது மாற்றுங்கள். அன்றைக்கு ஸ்டிக்குக்கும் நடு த்ராட்டிலுக்கும் சேர்த்தே அனுமதி கேளுங்கள், பட்டறை திருப்பித் தந்ததும் ஒவ்வொரு நட்டையும் நீங்களே குனிந்து பாருங்கள்.