பேட்டி மில்ஸா, ஜோ இங்கிள்ஸா: யாருடைய கேரியர் பெரியது?

ஆஸ்திரேலிய கூடைப்பந்து என்றால் பேச்சு பெரும்பாலும் ஆண்ட்ரூ போகட்டில்தான் தொடங்கும். 2005இல் அமெரிக்காவின் என்பிஏ லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், 2015இல் கோல்டன் ஸ்டேட் அணியோடு கோப்பை வாங்கியவர். எல்லாம் சரி, ஆனால் ஏழடி உயரமும் முதல் இடமும் கையில் இருப்பவரை யாரும் வாசலில் நிறுத்தப் போவதில்லை. எனக்கு அவரைவிட வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டு பேரை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பிடிக்கும். பேட்டி மில்ஸ், ஜோ இங்கிள்ஸ். ஒருவர் 2009 டிராஃப்டில் 55வது ஆளாகக் கடைசி நேரத்தில் எடுக்கப்பட்டவர், இன்னொருவரை எந்த டிராஃப்டிலும் யாரும் எடுக்கவே இல்லை. இங்கிள்ஸ் 1987இல் பிறந்தவர், மில்ஸ் 1988. 2008 பெய்ஜிங் முதல் 2024 பாரிஸ் வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் இருவரும் ஒரே அணிக்கு ஆடியிருக்கிறார்கள். இதைவிட நியாயமான ஒப்பீடு கிடைப்பது கஷ்டம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர் என்று பார்த்தால் இங்கிள்ஸ் ஒரு படி மேல், கேரியர் என்று பார்த்தால் மில்ஸ் இரண்டு படி மேல். இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் இந்தச் சண்டை முடியாமல் ஓடுகிறது.

முதலில் ஆட்டம். இங்கிள்ஸ் ஆறடி எட்டு அங்குலம், இடக்கைக்காரர், பார்க்கக் கணக்கு வாத்தியார் மாதிரி இருப்பார், வேகம் கிடையாது, எகிறிக் குதிப்பதும் கிடையாது. ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளி எந்தக் காலில் பாரம் போடுகிறான் என்று பார்த்துப் பார்த்து ஆடும் ஆள். யூட்டா ஜாஸ் அணிக்காக 2018-19 சீசனில் 82 ஆட்டங்களும் ஆடி, ஆட்டத்துக்கு 12.1 புள்ளி, 5.7 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்). 2020-21இல் மூன்று புள்ளி ஷாட்டில் 45 சதவீதத்துக்கு மேல். அந்த வருடம் சிறந்த பெஞ்ச் ஆட்டக்காரர் (தொடக்க ஐவரில் இல்லாமல் மாற்றாக இறங்குபவர்) விருதில் இரண்டாவதாக வந்தார், விருதை வாங்கியது அதே அணியில் இருந்த ஜோர்டன் கிளார்க்சன். கோப்பையைக் கிளார்க்சன் கையில் கொண்டுபோய்க் கொடுத்ததும் இங்கிள்ஸ்தான், நேரடி ஒளிபரப்பில், சிரித்துக்கொண்டே!

அவருடைய உச்சம் எது என்று கேட்டால் நான் 2018 பிளேஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) முதல் சுற்றைத்தான் சொல்வேன். எதிரே ஓக்லஹோமா சிட்டி. அவர்களின் நட்சத்திரம் பால் ஜார்ஜ் அந்தத் தொடருக்கு முன் தன்னைத்தானே 'பிளேஆஃப் பி' என்று அழைத்துக்கொண்டு இறங்கினார். அவர் மேல் அதிகம் ஒட்டிக்கொண்டு நின்றது இங்கிள்ஸ். முட்டினார், சட்டையோடு உரசிக்கொண்டே திரிந்தார், வாயும் ஓயவில்லை. ஆறாவது ஆட்டத்தில் ஜார்ஜ் போட்ட 16 ஷாட்டில் விழுந்தது இரண்டு, மொத்தம் 5 புள்ளி. யூட்டா 4-2 என்று தொடரை முடித்தது. ஒரு பெரிய ஆட்டக்காரரை இப்படிக் கட்டிப்போடுவது மில்ஸால் முடியாத காரியம். ஆறடியை ஒட்டிய உயரத்தை வைத்துக்கொண்டு அவர் காவல் காக்கக்கூடிய ஆட்களே குறைவு.

மில்ஸ் ஆட்டம் வேறு ரகம். வேகம், ஓயாத ஓட்டம், பந்து கைக்கு வந்த அரை நொடியில் ஷாட். என்பிஏவில் அவருடைய நல்ல சீசன்களில் ஆட்டத்துக்கு 11 புள்ளிக்குப் பக்கம் வரும், பெரும்பாலும் பெஞ்சிலிருந்து. அசிஸ்ட் பெரிதாக இல்லை. கிளப் ஆட்டத்தின் எண்களை மட்டும் வைத்துப் பேசினால் விவாதமே வேண்டாம், இங்கிள்ஸ்தான்.

ஆனால் கேரியர் என்பது சராசரி மட்டுமா?

இருவரும் ஏறிவந்த பாதையைப் பார்ப்போம். மில்ஸ் கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிவிட்டு டிராஃப்டுக்குப் போனார், போர்ட்லண்ட் எடுத்தது, உடனே கால் எலும்பு முறிந்தது. 2011இல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு வந்து என்பிஏ ஆட்டங்கள் நின்றபோது (லாக்அவுட்) மெல்பர்ன் டைகர்ஸ், பிறகு சீனாவின் சிஞ்சியாங் கிளப் என்று சுற்றி, 2012 மார்ச்சில்தான் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அங்கேயும் ஆரம்பத்தில் பெஞ்சில் துண்டை ஆட்டிக்கொண்டு உற்சாகப்படுத்தும் ஆள் என்றுதான் பெயர். எடை கூடிப்போய் இருந்தார் என்பதைப் பயிற்சியாளர் பாப்போவிச் வெளிப்படையாகவே சொன்னார், நாசூக்காகவும் இல்லை. ஆள் உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்தார்.

இங்கிள்ஸ் அமெரிக்கப் பக்கமே போகவில்லை. 2009இல் சவுத் டிராகன்ஸ் அணியோடு ஆஸ்திரேலிய என்பிஎல் கோப்பை (வென்ற கையோடு அந்த கிளப்பே மூடப்பட்டது, அது தனிக் கூத்து), அப்புறம் ஸ்பெயினில் கிரனாடா, பார்சிலோனா, கடைசியாக இஸ்ரேலில் மக்காபி டெல் அவிவ். 2014இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் சேர்த்துக்கொண்டு, சீசன் தொடங்கும் முன்பே கழற்றிவிட்டது. யூட்டா உடனே எடுத்துக்கொண்டது. அந்த வருட டிராஃப்டில் யூட்டா ஐந்தாவது இடத்தில் எடுத்திருந்த டான்டே எக்ஸம் என்ற 19 வயதுப் பையனுக்குத் துணையாக ஒரு ஆஸ்திரேலியக்காரரைப் பிடித்துப் போட்டார்கள் என்று அப்போது நிறையப் பேர் நினைத்தார்கள். அப்படி வந்தவர்தான் யூட்டாவின் பழைய நட்சத்திரம் ஜான் ஸ்டாக்டனின் மூன்று புள்ளி ஷாட் சாதனையை அந்த கிளப்பில் முறியடித்தார். 2017 பிளேஆஃபில் யூட்டா ஏழு ஆட்டத் தொடரில் வீட்டுக்கு அனுப்பியது எந்த அணியை? கிளிப்பர்ஸை.

2014 என்ற அந்த ஒரு வருடத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். மே மாதம் இங்கிள்ஸ் மக்காபியோடு ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான யூரோலீக் கோப்பை வாங்கினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூனில் மில்ஸ் ஸ்பர்ஸோடு என்பிஏ கோப்பை. அதிலும் மயாமிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ஸ்பர்ஸ் ஆரம்பத்தில் 22-6 என்று பின்தங்கி, பிறகு மேலே வந்து, மூன்றாவது கால்பகுதியில் எதிரணியை மொத்தமாக நொறுக்கியது. அந்தக் கால்பகுதியில் மட்டும் மில்ஸ் 14 புள்ளி, மொத்தம் 17. அணியோடு ஒட்டிக்கொண்டு மோதிரம் (என்பிஏ கோப்பை வென்றவர்களுக்குத் தருவது) வாங்கிய ஆள் என்று இவரை யாரும் சொல்ல முடியாது. இங்கிள்ஸுக்கு யூட்டாவில் இருந்த காலம் முழுக்க அப்படி ஒரு ராத்திரி வாய்க்கவில்லை, என்பிஏ இறுதிக்கு முந்தைய கட்டமான மேற்குப் பிரிவு இறுதிக்குக்கூட அந்த அணி போகவில்லை. 2022 ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்தது, அதோடு யூட்டா கதை முடிந்தது.

பணத்தில் இருவரும் சமம். 2017 கோடையில் இருவரும் தங்கள் தங்கள் கிளப்போடு நான்கு வருட ஒப்பந்தம் போட்டார்கள், இரண்டுமே ஏறத்தாழ ஐந்து கோடி டாலர்.

தராசு ஒரேயடியாகச் சாய்வது ஒலிம்பிக்கில். ஆஸ்திரேலிய ஆண்கள் அணிக்கு, பூமர்ஸுக்கு, நான்காம் இடம் என்பது ஒரு சாபமாகவே இருந்தது: 1988, 1996, 2000, பிறகு 2016. ரியோவில் ஸ்பெயினுக்கு எதிரான வெண்கல ஆட்டம்தான் இருப்பதிலேயே கொடுமை. 88-87 என்று ஆஸ்திரேலியா முன்னால் இருக்கிறது, கடைசி நொடிகள், செர்ஹியோ ரோட்ரிகஸ் மேல் மில்ஸ் ஃபவுல் செய்தார் என்று விசில். இன்றும் அது ஃபவுலா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், என்னைக் கேட்டால் அந்த நேரத்தில் ஊதக்கூடாத விசில். இரண்டு ஃப்ரீ த்ரோவும் விழுந்தது, 89-88. அந்த ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தவரும் மில்ஸ்தான், தோல்வி ஒட்டிக்கொண்டதும் அவர் பெயரோடுதான்.

ஐந்து வருடம் கழித்து டோக்கியோவில், தொடக்க விழாவில் நீச்சல் வீராங்கனை கேட் கேம்பலோடு மில்ஸ் கொடி பிடித்து நடந்தார், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளில் அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள். வெண்கல ஆட்டத்தில் எதிரே லூகா டான்சிச்சின் ஸ்லோவேனியா. மில்ஸ் 42 புள்ளி, 9 அசிஸ்ட். 107-93. ஆஸ்திரேலிய ஆண்கள் கூடைப்பந்தின் முதல் ஒலிம்பிக் பதக்கம். இங்கிள்ஸும் அந்த அணியின் தூண்தான், அவர் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் அந்தப் பதக்கம் யாருடையது என்று அந்த அணியில் இருந்தவர்களையே கேட்டாலும் ஒரு பெயர்தான் வரும் என்று நினைக்கிறேன். அதற்கும் முன்னால் லண்டன் 2012இல் ரஷ்யாவைக் கடைசி நொடி மூன்று புள்ளி ஷாட்டில் சாய்த்தவரும் இவர்தான், அந்த ஒலிம்பிக்கில் சராசரி 21.2, யாரைவிடவும் அதிகம். பாரிஸில் காலிறுதியில் செர்பியாவிடம் 24 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு ஓவர்டைமில் தோற்றார்கள். அந்த ஆட்டத்தையே ஓவர்டைம் வரை இழுத்துவந்த ஷாட்டும் 35 வயது மில்ஸுடையது. சான் அன்டோனியோவில் பெஞ்ச், நாட்டு அணியில் ராஜா, இதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மைதானத்துக்கு வெளியேயும் ஒன்று இருக்கிறது. மில்ஸின் அப்பா டோரஸ் நீரிணைத் தீவுகளைச் சேர்ந்தவர், நில உரிமை வழக்கால் அறியப்பட்ட எட்டி மாபோ அந்த உறவில் வருபவர். 2014 இறுதித் தொடருக்கு முன் மாபோ யார் என்று பாப்போவிச் தன் அணிக்கு எடுத்துச் சொன்னார். 2020இல் கொரோனாவுக்குப் பிறகு மீண்டும் தொடங்கிய ஆட்டங்களுக்கு வந்த சம்பளம், பத்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல், அத்தனையையும் ஆஸ்திரேலியாவில் இனவெறிக்கு எதிராக வேலை செய்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார். இங்கிள்ஸ் பங்குக்கு, மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு அதைப் பற்றித் திறந்து பேசிய விளையாட்டு வீரர்கள் குறைவாக இருந்த காலத்தில் மனைவியோடு சேர்ந்து பேசினார். 2025 மார்ச்சில் மினசோட்டா பயிற்சியாளர் அவரை ஒரு ஆட்டத்தில் தொடக்க ஐவரில் இறக்கினார், அந்த மகன் அப்பா ஆடுவதைப் பார்க்கட்டும் என்பதற்காகவே. இதில் யார் மேல் என்று மதிப்பெண் போட எனக்கு விருப்பமில்லை.

ஆண்ட்ரூ கேஸை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அவரும் ஐந்து ஒலிம்பிக், ஏழு முறை என்பிஎல்லின் சிறந்த ஆட்டக்காரர், ஆஸ்திரேலியாவுக்குள் அவர் பெயருக்கு இருக்கும் எடை வேறு. ஆனால் அவர் காலத்தில் ஒரு ஆஸ்திரேலியக்காரருக்கு என்பிஏ கதவு அரைகுறையாகத்தான் திறந்தது, 1999இல் ஸ்பர்ஸோடு மோதிரம் வாங்கினாலும் களத்தில் கிடைத்த நேரம் சொற்பம். அவரை இந்த இருவரோடு நிறுத்துவது அவருக்குச் செய்யும் அநியாயம். அவரை அதே காலத்து ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் லுக் லாங்லியோடு வேண்டுமானால் இன்னொரு நாள் நிறுத்திப் பார்க்கலாம்.