மூன்றரை வாட்டும் ஒரு கத்தலும்

நண்பர் கேட்டது இவ்வளவுதான்: "2ஏ3 வால்வு ஆம்ப் வாங்கிவிட்டேன். நீங்கள் வைத்திருக்கும் ஒற்றை டிரைவர் ஸ்பீக்கரையே நானும் வாங்கலாமா?" 2ஏ3 என்பது பழைய கால வெற்றிடக் குழாய்; ஒற்றை டிரைவர் என்றால் அடி முதல் உச்சி வரை எல்லா ஒலியையும் ஒரே ஒலிப்பான் எழுப்புவது. கேட்ட நேரம் சரியில்லை. வலப்பக்க ஸ்பீக்கரின் நடுவில் இருக்கும் சின்னக் காகிதக் கூம்பு ஒட்டு விட்டுப்போய், வீணையில் ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி ஒட்டக் கொடுத்துவிட்டு, பரணில் கிடந்த, வூஃபர், ட்வீட்டர் என இரண்டு டிரைவர் உள்ள இருவழி ஸ்பீக்கர்களோடு பதினைந்து நாள் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். கோபத்தில் இருப்பவனிடம் யோசனை கேட்டால் கோபம்தான் பதிலாக வரும்.

வாட் கணக்கு அவருக்கே தெரியும். ஒற்றை 2ஏ3 தருவது மூன்றரை வாட். ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டர் தூரத்தில் 92-ஐ எட்டி நின்றுவிடும். 96 டெசிபல் ஸ்பீக்கரில் 101 வரை போகும். நடுவே இருக்கும் ஒன்பது டெசிபலை வாட்டால் ஈடுகட்டப் போனால் 28 வாட் வேண்டும். அதனால்தான் நானும் நான்கு ஆண்டுகளுக்கு முன் 96 என்ற எண்ணைப் பார்த்து மயங்கினேன்.

அந்த 96 எந்த அதிர்வெண்ணில் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. என் பெட்டியின் முகப்பு 30 செ.மீ. அகலம். ஏறத்தாழ 380 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி முன்பக்கம் மட்டும் வராமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடுகிறது. கீழே இறங்க இறங்க ஆறு டெசிபல் வரை பறிபோகும். மிருதங்கத்தில் இது நன்றாகத் தெரியும். வலப்பக்கமான வலந்தலையின் ஒவ்வொரு விரலும் முகத்துக்கு நேரே விழும். அடித்தொனி தரும் இடப்பக்கமான தொப்பி மட்டும் யாரோ அடுத்த அறையில் தட்டுவதுபோல் இருக்கும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்தக் கத்தல். 20 செ.மீ. கூம்பு ஒரே துண்டாக அசைவதை விட்டுப் பகுதி பகுதியாக நெளியத் தொடங்கும் இடத்தில், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் அதுதான். பாடகி மத்திய ஸ்தாயியில் இருக்கும்வரை எதிரே அமர்ந்து பாடுகிறார்; தார ஷட்ஜத்தைத் தொட்டதும் எழுந்து நின்று என்னைத் திட்டுகிறார். போதாததற்கு, மேல் அதிர்வெண்களுக்குப் போகப் போக டிரைவரின் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஏறுகிறது. தன் வெளியீட்டைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் பின்னூட்டம் இல்லாத வால்வு ஆம்ப் அங்கே இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கிறது. பெட்டிகளை என் முகத்துக்கு நேரே இல்லாமல் சற்றுத் திருப்பி வைத்தேன். கத்தல் தணிந்தது, கூடவே ஜாலராவும் காணாமல் போனது. மேல் சுரங்களை டார்ச் வெளிச்சம்போல் நேராகவே வீசும் சாதி இது. சோபாவின் நடு இருக்கை எனக்கு, மற்ற இரண்டும் விருந்தாளிகளுக்கு. அவர்கள் ஏன் வியக்கவில்லை என்று நான் பல நாள் வியந்திருக்கிறேன்.

கடைசியில் 3.3 ஓம் ரெசிஸ்டரையும் 1.5 மில்லிஹென்றி காயிலையும் இணையாகக் கட்டி டிரைவருக்கு முன்னால் போட்டேன். கீழ் ஒலிகளைக் காயில் அப்படியே விடும், மேலே உள்ளவற்றை ரெசிஸ்டர் அடக்கும். தொப்பி அறைக்குள் வந்தது, பாடகி உட்கார்ந்தார். ஆனால் மேலே மூன்று டெசிபல் போயிற்று. அதே சத்தத்துக்கு இப்போது இரண்டு மடங்கு வாட் வேண்டும். எந்த எண்ணுக்காக இந்த ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டேனோ, அதில் ஒரு பங்கை என் கையாலேயே ரெசிஸ்டருக்குத் தாரைவார்த்தேன்.

இனி அந்தப் பதினைந்து நாள். இருவழி ஸ்பீக்கர் கத்தவே இல்லை. தொப்பிக்கு உடம்பு இருந்தது. எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் பாட்டு பாட்டாகவே இருந்தது. தவில் தனி வந்தபோது மட்டும் ஆம்ப் மூச்சுத் திணறிப் பிசிறடித்தது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இரவில் நடந்தது. எல்லோரும் தூங்கிய பிறகு, பேச்சுக் குரலைவிடக் குறைவான சத்தத்தில் ஒரு நாகஸ்வரத் தட்டைப் போட்டேன். சுரங்கள் வந்தன, வாசிப்பவர் வரவில்லை. என் ஸ்பீக்கரில் அதே தட்டில், ஆலாபனைக்கு நடுவே அவர் சீவாளியில், அதாவது ஊதும் நாணல் துண்டில், உதட்டை மாற்றி வைக்கும் ஒரு சின்ன ஈரச் சத்தம் கேட்கும். அடுத்த பிடி வரப்போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். குரலை இரண்டாக வெட்டி வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பங்கு போடும் கிராஸ்ஓவர் நடுவில் இல்லாததால்தானா, இல்லை, இலேசான கூம்பும் பெரிய காந்தமும் செய்கிற வேலையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குகூடத் தேவைப்படாத சத்தத்தில் அது கேட்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

நண்பருக்கு எழுதிய பதில்: வேண்டாம். பெரிய காகித வூஃபரும் 93 டெசிபலுக்குக் குறையாத திறனும், எங்கேயும் ஆறு ஓமுக்குக் கீழே இறங்காத மின்மறுப்பும் உள்ள இருவழி ஸ்பீக்கராகத் தேடுங்கள்; பக்கத்தில் உட்காருபவர்களும் வாழ்த்துவார்கள்.

அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். மறுநாள் டிரைவர் ஒட்டி வந்தது. பொருத்தியதும் வேகத்தில் ரெசிஸ்டரையும் காயிலையும் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஈரச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். முன்னைவிடத் தெளிவாகவே வந்தது. மூன்றாவது பாட்டில் பாடகி எழுந்து நின்றார். எழுந்துபோய் 3.3 ஓமைத் திரும்பக் கட்டினேன். மேசைமேல் இப்போது ஒரு ஜோடி 2.2 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. இரவு ஆகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.